திரையில் வரைந்த அளவு தாளிலும் வர: ஆட்டோகேட் அமைப்பும் பிரிண்டும்

கேள்வி இதுதான். 30-க்கு 40 அடி மனை ஒன்றுக்கு கேட்டவர் வீட்டு பிளானைக் கணினியில் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் வரைந்திருக்கிறார். சுவரின் நீளம் 30 அடி என்றால் 30 என்றே தட்டியிருக்கிறார். பிரிண்ட் எடுக்கும்போது 1:100 கொடுத்தால் படம் தாளின் மூலையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ‘ஃபிட் டு பேப்பர்’ கொடுத்தால் ஏ3 தாள் நிறைய வருகிறது, ஆனால் ஸ்கேலை வைத்து அளந்தால் எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. விட்டுவிட்டு வரவேண்டிய கோடுகள் முழுக்கோடாக வருகின்றன, எல்லாக் கோடும் ஒரே தடிமன். எந்த செட்டிங்கை மாற்றினால் சரியாகும்?

ஒரே ஒரு செட்டிங்கில் இது தீராது. ஆனால் நீங்கள் சொன்ன கோளாறுகளில் தடிமனைத் தவிர மற்றவற்றுக்கு வேர் ஒன்றுதான்: நீங்கள் தட்டிய 30 என்பது அடி என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு அது வெறும் 30 அலகு. ஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டில் தொடங்கிய ஃபைல் என்றால் பிரிண்ட் பெட்டி அதை 30 மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்கிறது. 30 மில்லிமீட்டரை நூறில் ஒரு பங்காக்கினால் 0.3 மி.மீ. அதுதான் அந்தப் புள்ளி. ஃபிட் கொடுக்கும்போது மென்பொருள் தாளுக்குத் தகுந்த ஏதோ ஒரு விகிதத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. 1:37 ஆகவும் இருக்கலாம், 1:41 ஆகவும் இருக்கலாம். டைட்டில் பிளாக்கில் (தாளில் படத்தின் விவரம் எழுதும் கட்டத்தில்) 1:100 என்று எழுதிவிட்டு அப்படிப்பட்ட தாளைக் கொடுத்தால் ஸ்கேல் வைப்பவர் குழம்பத்தான் செய்வார்.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. மாடல் பகுதியில் எல்லாமே உண்மை அளவு. தாளில், அதாவது லேஅவுட்டில், எல்லாமே தாளின் உண்மை அளவு. இரண்டுக்கும் நடுவில் வியூபோர்ட் என்ற ஜன்னல் இருக்கிறது, அங்கே மட்டும்தான் விகிதம் மாற வேண்டும். பிரிண்ட் பெட்டியில் எப்போதும் 1:1. விகிதம் இரண்டு இடத்தில் மாற ஆரம்பித்தால், தவறு எங்கே நடந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் அலகு. புதிய ஃபைலைத் தொடங்கும்போது டெம்ப்ளேட் கேட்கும். அகாட் என்பதை எடுக்காமல் அகாட்ஐஎஸ்ஓ என்பதை எடுங்கள். முன்னது அங்குலத்துக்காக அமைத்தது, பின்னது மில்லிமீட்டருக்காக. வித்தியாசம் பெயரோடு நிற்பதில்லை. விட்டுவிட்டு வரும் கோடுகளின் நீளம், ஹேட்ச் (ஓர் இடத்தைக் கோடுகளால் நிரப்புவது) வடிவங்களின் அடர்த்தி எல்லாமே அதைப் பொறுத்து மாறும். பிறகு யூனிட்ஸ் கமாண்டைத் தட்டி, வகையை டெசிமல் என்றும் இன்செர்ஷன் ஸ்கேலை மில்லிமீட்டர் என்றும் வையுங்கள். இன்செர்ஷன் ஸ்கேலைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. இணையத்திலிருந்து இறக்கிய கட்டில், சோபா, கழிப்பறை பிளாக்கை (ஆயத்தமாக வரைந்து வைத்த படத்தை) நுழைத்தால் அது வீட்டைவிடப் பெரிதாக வந்து விழுகிறதே, காரணம் இதுதான். இரண்டு ஃபைலிலும் அலகு சரியாகக் குறித்திருந்தால் ஆட்டோகேட் தானே 25.4 மடங்கு பெருக்கியோ வகுத்தோ கொண்டுவரும்.

“அடியிலேயே வரையக் கூடாதா?” வரையலாம். ஆர்க்கிடெக்சுரல் வகையை எடுத்தால் ஒரு அலகு ஓர் அங்குலமாகிவிடும், 12'6" என்று நேரடியாகத் தட்டலாம். ஆனால் தாள் மில்லிமீட்டரில் இருக்கிறது, கோட்டின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கிறது, 1:100, 1:50 என்ற விகிதங்களும் மெட்ரிக் வழக்கம். வீடு மட்டும் அங்குலத்தில் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் 25.4 குறுக்கே வரும். மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு, அடி அங்குலம் வேண்டிய இடத்தில் டைமென்ஷன் (படத்தில் எழுதிக் காட்டும் அளவு) மட்டும் அடி அங்குலத்தில் காட்டும்படி செய்துகொள்ளலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

30 அடி என்பது 9144 மி.மீ., 40 அடி 12192 மி.மீ. அடியை 304.8 ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. கன்ட்ரோலையும் 8-ஐயும் சேர்த்து அழுத்தினால் ஆட்டோகேடுக்குள்ளேயே கால்குலேட்டர் திறக்கும். சுவரில் மட்டும் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவரைச் சிலர் 228.6 என்று வரைவார்கள், சிலர் 230. இரண்டில் எதுவும் தவறில்லை, கலந்தால்தான் தவறு. ஒரு படத்தில் நாலு சுவர் இப்படியும் நாலு சுவர் அப்படியும் இருந்தால் மூலைகள் ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஹேட்ச் போடும்போது ‘எல்லை மூடவில்லை’ என்று அடம்பிடிக்கும், பரப்பளவு கேட்டால் தப்பாகச் சொல்லும். நான் 230, 115 என்றே வைத்துக்கொள்கிறேன்.

துல்லியம் என்ற பேச்சில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். யூனிட்ஸ் பெட்டியில் இருக்கும் பிரிசிஷன் என்பது திரையில் காட்டும் இலக்கங்களின் எண்ணிக்கை மட்டும். உள்ளே இருக்கும் அளவை அது தொடுவதில்லை. அதை 0 என்று வைத்துவிட்டு சுவரை அளந்தால், சுவர் உண்மையில் 9143.6 ஆக இருந்தாலும் திரையில் 9144 என்றுதான் தெரியும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். வரையும்போதும் சரிபார்க்கும்போதும் நாலு தசமம் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட் கமாண்டால் ஒரு சுவரை அளந்து 9144.0000 வந்தால் நிம்மதி. 9143.6127 வந்தால் எங்கோ ஒரு கோடு கண்ணளவில் போட்டது, புள்ளியில் பிடித்துப் போட்டதல்ல.

அதைத் தடுக்க, கோட்டின் குறிப்பிட்ட புள்ளியைத் தானே பிடித்துத்தரும் ஆப்ஜெக்ட் ஸ்னாப்பில் எண்ட்பாயிண்ட், மிட்பாயிண்ட், இன்டர்செக்ஷன், பெர்பெண்டிகுலர் நான்கையும் எப்போதும் இயக்கத்தில் வையுங்கள். நியரஸ்ட் என்பதை நிரந்தரமாக இயக்கி வைக்காதீர்கள். அது கோட்டின்மேல் எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். மூலையைத் தொட்டதாக நீங்கள் நினைத்திருக்க, மூலைக்கு 3 மி.மீ. தள்ளி நிற்கும். எஃப்8 அழுத்தி ஆர்த்தோ வைத்துக்கொண்டு, திசையைக் காட்டி, நீளத்தை எண்ணாகத் தட்டுவதுதான் வீட்டு பிளானுக்குப் பாதுகாப்பான வழி. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடு விழுந்திருந்தால் ஓவர்கில் கமாண்ட் துடைத்துவிடும்.

மனையின் எல்லையைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மனை நாற்புறமும் நேர்கோணமாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நம் ஊர் மனைகள் முன்பக்கம் 30, பின்பக்கம் 31, இடப்பக்கம் 40, வலப்பக்கம் 40 அடி 6 அங்குலம் என்றெல்லாம்தான் வரும். நாலு பக்கத்தின் நீளம் தெரிந்தாலும் வடிவம் தெரியாது. மூலைகளில் ஆணி அடித்த நாலு சட்டம் எப்படி இழுத்தால் சாயுமோ, அப்படித்தான் இதுவும். ஒரு மூலைவிட்டத்தையாவது டேப் வைத்து அளந்து வாருங்கள். அப்புறம் வரைவது எளிது. முன்பக்கக் கோட்டை 9144-க்குப் போடுங்கள். அதன் இடது முனையை மையமாக வைத்து மூலைவிட்டத்தின் நீளத்துக்கு ஒரு வட்டம், வலது முனையை மையமாக வைத்து வலப்பக்கத்தின் நீளத்துக்கு இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம் மூன்றாவது மூலை. நாலாவது மூலைக்கும் இதேபோல இரண்டு வட்டம்: இடது முனையிலிருந்து இடப்பக்கத்தின் நீளம், மூன்றாவது மூலையிலிருந்து பின்பக்கத்தின் நீளம். இரண்டாவது மூலைவிட்டத்தையும் அளந்திருந்தால், வரைந்ததில் அதை டிஸ்ட் போட்டுப் பாருங்கள். தளத்தில் அளந்ததோடு ஓரிரு அங்குலத்துக்குள் ஒத்துவந்தால் உங்கள் அளவீடு நம்பத்தகுந்தது. அரை அடி விலகினால் திரும்பப் போய் அளக்க வேண்டியதுதான், ஆட்டோகேடில் அதற்கு மருந்து இல்லை.

சர்வே புல வரைபடத்தை ஸ்கேன் செய்து அதன்மேலேயே கோடு இழுப்பவர்கள் உண்டு. வேண்டாம். அதில் எழுதியிருக்கும் எண்களிலிருந்து வரையுங்கள். ஸ்கேன் செய்த படம் திசைக்குத் திசை கொஞ்சம் நீண்டோ சுருங்கியோதான் இருக்கும், எண் சுருங்காது.

சர்வேயர் ஜிபிஎஸ் கருவியில் எடுத்த யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) ஆயத்தொலைவுகளோடு ஃபைல் கொடுத்தால், அதற்குள்ளேயே வீட்டை வரையாதீர்கள். வடக்கு ஆயத்தொலைவு பூமத்தியரேகையிலிருந்து எண்ணப்படுவது, நம் பக்கத்தில் பத்து லட்சம் மீட்டரைச் சுற்றி வரும். அதை மில்லிமீட்டராக்கினால் நூறு கோடி. தொடக்கப்புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஹேட்ச் உடையும், வட்டங்கள் நெளிந்து தெரியும். வீட்டைத் தனி ஃபைலில் சுழியத்துக்குப் பக்கத்தில் வரைந்து, சர்வே ஃபைலில் எக்ஸ்ரெஃப்பாக, அதாவது வெளி ஃபைல் இணைப்பாகச் சேர்ப்பதே நல்லது. இன்னொன்று: 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டுக்குக் குறுக்கே போகிறது. அதற்கு மேற்கே இருக்கும் கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலம், கிழக்கே இருக்கும் சென்னையும் மதுரையும் 44. இரண்டு ஃபைல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்குகளான லேயர்களின் பெயர்களைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். சுவர், கதவு ஜன்னல், டைமென்ஷன், எழுத்து, ஹேட்ச், எல்லை, வியூபோர்ட் என்று ஏழெட்டு இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். நிறமும் தடிமனும் லேயரில் இருக்க வேண்டும், தனித்தனிக் கோட்டில் அல்ல. அவ்வளவே.

இனி தாள். கீழே இருக்கும் லேஅவுட் பட்டையைத் தொட்டு, பேஜ் செட்டப் மேனேஜரைத் திறந்து, பிரிண்டராக ‘டிடபிள்யூஜி டு பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மேசையில் இருக்கும் பிரிண்டரை இங்கே காட்ட வேண்டாம். நாளைக்கு வேறு இடத்தில் அச்சடித்தால் தாள் அமைப்பே மாறிப்போகும். தாள்: ஐஎஸ்ஓ ஃபுல் ப்ளீட் ஏ3, 420-க்கு 297. வாட் டு பிளாட் என்ற இடத்தில் லேஅவுட். ஸ்கேல் 1:1, அலகு மில்லிமீட்டர். ஸ்கேல் லைன்வெயிட்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிளாட் ஸ்டைல்: மோனோகுரோம், எல்லாக் கோடும் கறுப்பில் வரும்.

தாளில் சட்டம் போடும்போது இடது ஓரம் கோப்பில் கட்டுவதற்கு 20 மி.மீ., மற்ற மூன்று ஓரங்களில் 10 மி.மீ. விடுவது ஐஎஸ்ஓ வழக்கம். மிச்சம் 390-க்கு 277 மி.மீ. வரைவதற்கு. உங்கள் மனை 1:100-இல் 122-க்கு 91 மி.மீ.தான் வரும், தாளில் ஒரு மூலைக்குத்தான் காணும். 1:50-இல் 244-க்கு 183. அது சட்டத்துக்குள் தாராளமாக அடங்கி, டைட்டில் பிளாக்குக்கும் இடம் விடுகிறது. கொத்தனார் கையில் போகும் தாளுக்கு நான் 1:50-ஐத்தான் எடுப்பேன். தளம், மேல்தளம், முகப்பு, வெட்டுத்தோற்றம் எல்லாம் ஒரே தாளில் வேண்டுமென்றால் 1:100-இல் ஏ3 அல்லது 1:50-இல் ஏ1.

எம்வியூ கமாண்டால் வியூபோர்ட் ஒன்றைப் போட்டு, அதைத் தேர்ந்தெடுத்து, கீழ்ப்பட்டையில் இருக்கும் விகிதப் பட்டியலில் 1:50-ஐ எடுங்கள். உடனே பக்கத்திலிருக்கும் பூட்டை அழுத்துங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் நுழைந்து மவுஸ் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் விகிதம் போயிற்று. 1:50 போய் 1:53.7 ஆகியிருக்கும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வியூபோர்ட்டின் சட்டக்கோடு அச்சில் வராமலிருக்க அதைத் தனி லேயரில் போட்டு, அந்த லேயருக்கு எதிரே இருக்கும் பிரிண்டர் படத்தை அணைத்துவிடுங்கள்.

மில்லிமீட்டரில் வரைந்ததன் பலன் இங்கேதான் தெரியும். மாடல் மில்லிமீட்டர், தாளும் மில்லிமீட்டர் என்பதால் பட்டியலில் இருக்கும் 1:50 உண்மையான 1:50. வேறு யாரோ அங்குலத்தில் வரைந்த ஃபைலை மில்லிமீட்டர் தாளில் 1:100-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் வியூபோர்ட்டின் கஸ்டம் ஸ்கேலில் 0.254 என்று தட்ட வேண்டும். அடியில் வரைந்ததற்கு 3.048. மீட்டரில் வரைந்ததற்கு 10. ஓர் அலகில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறதோ அதை விகித எண்ணால் வகுத்தால் வருவது இது. அவசரத்துக்கு உதவும், ஆனால் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

விட்டுவிட்டு வரும் கோடுகளுக்கு வருவோம். அகாட்ஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டில் ஹிட்டன் என்ற கோட்டின் ஒரு துண்டு 6.35 அலகு, இடைவெளி 3.175 அலகு. உங்கள் ஃபைலில் ஓர் அலகு ஓர் அடி. அப்படியானால் ஒரு துண்டின் நீளம் ஆறு அடிக்கு மேல்! மூன்றடி அகல ஜன்னலுக்கு மேலே போகும் சன்ஷேடின் கோட்டில் ஒரு துண்டுகூட முடியாது, அதனால்தான் முழுக்கோடாகத் தெரிந்தது. மில்லிமீட்டரில் வரைந்தால் தலைகீழான தொல்லை வரும்: 6 மி.மீ. துண்டுகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மறுபடியும் முழுக்கோடுபோலத் தெரியும். இதற்கு எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் மூன்றையும் 1 என்று வைத்துவிட்டு ரீஜென்ஆல் கொடுத்துப் படத்தைப் புதுப்பியுங்கள். அப்போது துண்டின் நீளம் தாளின் அளவில் கணக்காகும். 1:50 வியூபோர்ட்டிலும் 1:100 வியூபோர்ட்டிலும் தாளில் அதே 6.35 மி.மீ. துண்டு வரும். அது உங்களுக்குப் பெரிதாகத் தோன்றினால் எல்டிஸ்கேலை 0.5 ஆக்குங்கள்.

எல்லாக் கோடும் ஒரே தடிமனில் வருவதற்குக் காரணம் எளியது. புதிய லேயர் எதிலும் தடிமன் ‘டிஃபால்ட்’ என்றிருக்கும், டிஃபால்ட் என்றால் 0.25 மி.மீ. யாரும் மாற்றாவிட்டால் சுவரும் 0.25, டைமென்ஷனும் 0.25. ஐஎஸ்ஓ வரிசை 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு. தாள் அளவுகளும் அதே இரண்டின் வர்க்கமூல விகிதத்தில்தான் வளர்கின்றன. அதனால் ஏ3-ஐ ஏ2-வாகப் பெரிதாக்கினாலும் கோட்டின் தடிமன் வரிசையில் அடுத்த எண்ணில் போய் உட்காரும். வெட்டுப்படும் சுவருக்கு 0.5, கதவு ஜன்னல் படிக்கட்டுக்கு 0.25, டைமென்ஷன் கோட்டுக்கு 0.18, ஹேட்சுக்கு 0.13. இந்த நாலே போதும். பக்கத்துப் பக்கத்து எண்களைப் பயன்படுத்தினால் கண்ணுக்கு வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது; சுவருக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தாண்டியிருப்பது அதற்காகத்தான். 600 டிபிஐ லேசர் பிரிண்டரில் 0.13 மி.மீ. என்பது மூன்றே மூன்று புள்ளி அகலம். அதற்குக் கீழே போனால் ஜெராக்ஸில் கோடு காணாமல் போகும்.

மாடல் பகுதியில் தடிமனைக் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, “ஐயோ இவ்வளவு தடியாக இருக்கிறதே” என்று பதற வேண்டாம். அங்கே தடிமன் திரைப் புள்ளிக் கணக்கில் காட்டப்படும், ஸூம் செய்தாலும் மாறாது. லேஅவுட்டிலும் பிரிவியூவிலும் தெரிவதுதான் உண்மை. மோனோகுரோம் ஸ்டைல் எடுக்காமல் நிறத்தோடு அச்சடித்தால் மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் தெரியவே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துக்கும் டைமென்ஷனுக்கும் தாளில் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். டைமென்ஷன் எண் 2.5 மி.மீ., அறையின் பெயர் 3.5, தலைப்பு 5. 1:100-இல் 2.5 மி.மீ. வர மாடலில் எழுத்து 250 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், 1:50-இல் 125. இந்தப் பெருக்கலைக் கையால் செய்யாமலிருக்கத்தான் அன்னோடேட்டிவ் என்ற வசதி. டெக்ஸ்ட் ஸ்டைலிலும் டைமென்ஷன் ஸ்டைலிலும் அந்தக் கட்டத்தில் டிக் செய்து, தாள் உயரத்தை மட்டும் கொடுங்கள். எழுதத் தொடங்குமுன் கீழ்ப்பட்டையில் அன்னோடேஷன் ஸ்கேலை 1:50 என்று வைக்க மறக்கக் கூடாது. வியூபோர்ட்டும் அதே விகிதத்தில் இருந்தால்தான் எழுத்து தெரியும். ‘மாடலில் இருக்கிறது, லேஅவுட்டில் காணோம்’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடி அங்குலத்துக்கு இப்போது வருகிறேன். மாடல் மில்லிமீட்டரில் இருக்கட்டும். மூன்று டைமென்ஷன் ஸ்டைல் செய்துகொள்ளுங்கள். ஒன்று மில்லிமீட்டரை அப்படியே காட்டும். இரண்டாவதில் பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் ஸ்கேல் ஃபேக்டரை 0.001 ஆக்கி, இரண்டு தசமம் வையுங்கள், மீட்டரில் காட்டும். அனுமதிக்குப் போகும் தாளுக்கு இது. மூன்றாவதில் வடிவத்தை ஆர்க்கிடெக்சுரல் என்று மாற்றி, ஸ்கேல் ஃபேக்டரை 0.0393701 ஆக்கி, துல்லியத்தை அரை அங்குலமாக வையுங்கள். 9144 மி.மீ. சுவர் 30 அடி என்று வரும், 230 மி.மீ. சுவர் 9" என்றே வரும். கொத்தனாருக்கு இந்தத் தாள். வீடு ஒன்றுதான், வரைபடம் ஒன்றுதான், பேச்சுமொழிதான் மூன்று.

அரை அங்குலத்துக்கு முழுமையாக்குவதால் சில சமயம் தனித்தனி அறை அளவுகளைக் கூட்டினால் மொத்த அளவோடு அரை அங்குலம் இடிக்கும். ஸ்டைலில் குற்றமில்லை. அறைகளை முழு எண்ணில் வகுத்து வரையாததன் விளைவு அது. எக்காரணம் கொண்டும் டைமென்ஷன்மேல் இரட்டைச் சொடுக்கு சொடுக்கி எண்ணைக் கையால் திருத்தாதீர்கள். அப்படித் தட்டிய எண், பின்னால் சுவரை நகர்த்தினாலும் மாறாமல் அப்படியே நிற்கும், அஸ்திவாரம் தோண்டும்போதுதான் பொய் வெளியே வரும்.

தமிழில் அறைப் பெயர் எழுதுவதானால் நிர்மலா யூஐ, லதா போன்ற யூனிகோட் எழுத்துருவில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதினால், அது இல்லாத கணினியில் ‘சமையலறை’ ஏதோ ஆங்கில எழுத்துக்களாகச் சிதறித் தெரியும்.

இவ்வளவும் சரியாகச் செய்து பிடிஎஃப் எடுத்தாகிவிட்டது. அளவு கெடுவதற்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது, ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பென்டிரைவைச் சொருகி, பிடிஎஃப்பை பிரௌசரிலோ பிடிஎஃப் ரீடரிலோ திறந்து, பிரிண்ட் கொடுத்துவிடுவார். அங்கே ‘ஃபிட்’ என்றோ ‘ஷ்ரிங்க் ஓவர்சைஸ்ட் பேஜஸ்’ என்றோ முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். சாதாரண ஏ3 பிரிண்டர் தாளின் நாலு ஓரத்திலும் சுமார் 5 மி.மீ. அச்சடிக்காது. 297 மி.மீ. அகலப் பக்கத்தை அது 287-க்குள் அடக்கப் பார்க்கும், அதாவது 96.6 சதவீதம். உங்கள் 30 அடி சுவர் 1:50-இல் 182.9 மி.மீ. இருக்க வேண்டியது 176.7 ஆகிவிடும். ஸ்கேல் வைத்தால் 29 அடி. ஓர் அடி போயிற்று, ஆனால் தாளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கடையில் ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது ‘100 சதவீதம்’ என்று சொல்லி, பெட்டியில் அதைத் தேர்ந்தெடுப்பதை நின்று பாருங்கள். சட்டக்கோடு ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே இருப்பதால், பிரிண்டர் விடும் 5 மி.மீ. ஓரத்தில் நம் படத்தில் எதுவும் வெட்டுப்படாது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. லேஅவுட்டில், சட்டத்தை ஒட்டி உட்பக்கமாக, கிடையாக 200 மி.மீ. கோடு ஒன்று, செங்குத்தாக 200 மி.மீ. கோடு ஒன்று போட்டு, இரண்டு முனையிலும் சிறு குறுக்குக்கோடு வையுங்கள். தாள் வெளியே வந்ததும் முதல் வேலை அந்த இரண்டையும் ஸ்டீல் ஸ்கேலால் அளப்பது. இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் யாரோ ஃபிட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு திசை மட்டும் குறைந்திருந்தால் பிரிண்டர் தாளை இழுப்பதில் பிசகு. அது உங்கள் சொந்த பிளாட்டர் (பெரிய தாளில் அச்சடிக்கும் பிரிண்டர்) என்றால் பிளாட்டர் கான்ஃபிகரேஷனில் பிளாட்டர் கேலிப்ரேஷன் என்ற பகுதி இருக்கிறது; அது ஒரு செவ்வகத்தை அச்சடிக்கும், நீங்கள் அளந்த எண்ணைக் கொடுத்தால் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். பிளாட்டரின் மெனுவிலேயே தாள் நகர்வுக்கான கேலிப்ரேஷன் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். 200-க்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லேசர் பிரிண்டரின் சூட்டிலும் மழைக்கால ஈரத்திலும் காகிதமே அந்த அளவுக்குச் சுருங்கி விரியும்.

படத்துக்குள்ளேயே மீட்டரிலோ அடியிலோ ஓர் அளவுப்பட்டையும் வரைந்துவையுங்கள். யாராவது தாளைச் சிறிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் பட்டையும் கூடவே சுருங்கும், அதனால் அது பொய் சொல்லாது. எழுதிவைத்த 1:50-தான் பொய்யாகும். ஏ3-ஐ ஏ4 ஆக்கினால் 1:100 என்பது 1:141 ஆகிவிடும், எந்த ஸ்கேலிலும் அந்த எண் கிடையாது. ஏ1-ஐ ஏ3 ஆக்கினால் மட்டும் சரிபாதி: 1:50 அழகாக 1:100 ஆகும். பெரிய அலுவலகங்களில் ஏ1-இல் வரைந்து ஏ3-இல் பார்வைப் பிரதி எடுப்பதற்கு இது வசதி. இவ்வளவுக்கும் பிறகும், தாளில் அரை மில்லிமீட்டர் தவறிப் படித்தால் 1:100-இல் இரண்டு அங்குலம். அதனால் எழுதியிருக்கும் அளவையே எடுக்க வேண்டும் என்ற குறிப்பு டைட்டில் பிளாக்கில் கட்டாயம் இருக்கட்டும்.

லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருளில் வரைபவர்களுக்கு: அதன் வழக்கமான பதிப்பில் லேஅவுட், வியூபோர்ட் கிடையாது. ஃபைலின் அலகை மில்லிமீட்டராக்கி உண்மை அளவில் வரைந்து, பிரிண்ட் பிரிவியூவில் 1:50 கொடுக்க வேண்டும். எழுத்து உயரத்தை நீங்களே 50-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பெருக்கலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சொன்னதுதான்.

கடைசியாக, இப்போது உங்கள் கையில் இருக்கும் ஃபைலைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, எல்லா லேயரையும் திறந்து, பூட்டையும் எடுத்துவிட்டு, அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் கமாண்டில் அடிப்படைப் புள்ளி 0,0 கொடுத்து 304.8 என்று தட்டுங்கள். முன்பக்கத்தை டிஸ்ட் போட்டால் 9144 வர வேண்டும். யூனிட்ஸில் இன்செர்ஷன் ஸ்கேலை மில்லிமீட்டராக்குங்கள். பிறகு எல்லா டைமென்ஷனையும் தேர்ந்தெடுத்து புதிய அன்னோடேட்டிவ் ஸ்டைலுக்கு மாற்றி, அவற்றுக்கு 1:50 விகிதம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அறைப் பெயர்கள் 304.8 மடங்கு பெருத்து நிற்கலாம், அவற்றுக்கும் புதிய ஸ்டைலைக் கொடுங்கள். ஓவர்கில், ஃபைலின் பிழைகளைத் திருத்தும் ஆடிட், பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் மூன்றையும் ஒருமுறை ஓட்டுங்கள். அதன்பிறகும் ஏதாவது டைமென்ஷன் 30.00 என்றோ 12.50 என்றோ பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நின்றால், அது முன்பு கையால் தட்டியது. அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.